கட்டும்போது உண்மை, தோற்றபின் செட்டப்

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற சண்டை, சிங்கப்பூருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பதினொரு மணிக்கு வந்து சேரும். வாரத்தில் ஒருநாள் மட்டும் லீவு உள்ளவனுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு வேறு கிடையாது. பல் தேய்த்து, கீழே போய் கோப்பி வாங்கிவந்து, பாயில் சாய்ந்தால் கூண்டுக்கதவு சாத்தும் நேரம் சரியாக இருக்கும்.

2014இல் வேலைக்கு வந்தபோது ஓவன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் எட்டுப்பேர் தங்கியிருந்தோம். மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ், சுருக்கமாக எம்எம்ஏ, எனக்கு அங்கேதான் பழக்கமானது. குத்து, உதை, மல்யுத்தப் பிடி, கழுத்து நெரிப்பு எல்லாம் கலந்த சண்டை. எண்கோணக் கூண்டுக்குள் இரண்டு பேர். ஒருவன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது நடுவர் நிறுத்த வேண்டும், அல்லது ரவுண்டு முடிந்து மூன்று பேர் மதிப்பெண் போட வேண்டும். ஆறே மாதத்தில் நான் அறையின் நிபுணர் ஆகிவிட்டேன். யாருக்கு இடதுகை, யாருக்கு மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கும், யார் எடை குறைக்கத் திண்டாடுகிறார் என்று மனப்பாடமாகச் சொல்வேன்.

பந்தயம் முதலில் பரோட்டாவில் ஆரம்பித்தது. தோற்றவன் எல்லோருக்கும் வாங்கித்தர வேண்டும். பிறகு அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி. பிறகு யாரோ ஒருவருக்குத் தெரிந்த யாரோ ஒருவர், வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினால் போதும், கணக்கைத் திங்கட்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்றார். அது சட்டவிரோதம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தோம்.

அறையில் திருவாரூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். பந்தயத்தில் கலந்துகொள்ளாமல், சண்டையில் ரத்தம் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். 2015 நவம்பரில் அவருக்குச் சீட்டு விழுந்தது. கையில் மூவாயிரம் வெள்ளி. ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக அடகு வைத்த வீட்டம்மா நகையை மீட்கிற பணம் அது. பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட்டும் போட்டிருந்தார்.

நவம்பர் 15ஆம் தேதி மெல்பர்னில் ரோண்டா ரௌஸியும் ஹாலி ஹோமும் மோதினார்கள். ரௌஸி அதுவரை தோற்றதே இல்லை. 2008 ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வாங்கியவர். அதற்கு முந்தைய மூன்று சண்டைகளை 16 விநாடி, 14 விநாடி, 34 விநாடியில் முடித்திருந்தார். அவர் ஜெயிப்பார் என்று நூறு வெள்ளி கட்டினால் பத்து வெள்ளிகூட லாபம் தேறாது. அவ்வளவு நிச்சயம் என்று உலகமே நம்பியது.

"தம்பி, இது எப்படி?" என்று அண்ணன் கேட்டார்.

"பூட்டுண்ணே. பேங்க்ல போட்ட மாதிரி" என்றேன்.

மூவாயிரத்தையும் கட்டினார். கிடைத்தால் இருநூற்றைம்பது வெள்ளி போல வரும். பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணி.

இரண்டாவது ரவுண்டு, 59ஆவது விநாடி. ஹோமின் இடதுகால் ரௌஸியின் கழுத்தில் இறங்கியது. அவர் விழுந்தார். அரங்கில் இருந்த 56,214 பேரின் சத்தம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கரகரவென்று வந்தது. எங்கள் அறையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கேட்டார்:

"இது செட்டப்பா தம்பி?"

இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் எப்படி வந்தது என்று ஃப்ரேம் ஃப்ரேமாகச் சொல்ல முடியும். முதல் ரவுண்டிலேயே ரௌஸி காற்றில் குத்திக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

"ஆமாண்ணே. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

* * *

அந்தப் பொய் என்னை வேறொரு பக்கம் தள்ளிக்கொண்டு போனது. 'செட்டப்பா?' என்ற கேள்வியை யாரெல்லாம், எப்போதெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் அறையிலிருந்து சுற்றிவர ஒரு மணி நேர நடைக்குள்ளேயே எல்லாம் கிடந்தது.

முதலில் ரேஸ்கோர்ஸ் ரோடு. மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ஞாயிறு மாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்கிறோம். ரேஸ் எங்கே என்று கேட்பதில்லை. 1842இல் இங்கிருந்த ஐரோப்பியர்கள் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே இப்போது ஃபேரர் பார்க் என்கிற திடலில் குதிரை ஓடியது. 1924இல் அது டர்ஃப் கிளப் ஆனது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் போனது. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று நடந்தது. 182 ஆண்டுக் கணக்கு முடிந்தது. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருப்பது ஒரு தெருப்பெயரும் பச்சைத் திடலும்தான். தேக்காவைச் சுற்றி மாட்டுத்தொழுவமும் பால்காரர்களும் இருந்த காலத்தில், பக்கத்திலேயே பணம் கட்டிக் குதிரை பார்க்கிற இடமும் இருந்திருக்கிறது.

குதிரை பார்த்த பழைய ஆட்களோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒன்று கவனிக்கலாம். ஜெயித்த பந்தயத்தைச் சொல்லும்போது "நான் கணிச்சேன்" என்பார்கள். தோற்ற பந்தயம் என்றால் "ஜாக்கி இழுத்துப் பிடிச்சுட்டான்." ஜெயித்தால் என் மூளை, தோற்றால் அவன் சதி.

அங்கிருந்து கிச்சனர் ரோடு வழியாக நடந்தால் சிட்டி ஸ்குவேர் மால். ஏசிக் காற்றுக்காக நாம் நுழைகிற அந்த இடத்தில்தான் 1923இல் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா திறந்தது. ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் நடத்தியது. நாடகம், நடனம், தின்பண்டம், குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் ஒரே டிக்கெட் வாசலுக்குள். 1931இல் கிம் செங் ரோட்டில் கிரேட் வோர்ல்டு வந்தது. 1930களின் பின்பாதியில் கேலாங் பக்கம் ஹேப்பி வோர்ல்டு. நகரத்தின் இரவு இந்த மூன்று உலகங்களில்தான் நடந்தது.

தாரா சிங்கை நம்மில் பலருக்கு ராமாயண சீரியலின் அனுமனாகத் தெரியும். அவர் 1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர். பகலில் டிரம் செய்யும் ஆலையில் வேலை. கிரேட் வோர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தப் பயிற்சி. கூலி வேலைக்கு வந்த பையன், லீவு நேரத்தில் கற்றுக்கொண்ட பிடியை வைத்து ஆசியா முழுக்கச் சுற்றினான். நம் தாத்தாக்கள் காலத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டிய போஸ்டர்களில் அவரோடு சேர்ந்து வரும் பெயர் கிங்காங். இயற்பெயர் எமில் ஸாயா. ஐரோப்பாவிலிருந்து வந்து சிங்கப்பூரையே ஊராக்கிக்கொண்ட மலை போன்ற மனிதர். 1970இல் கார் விபத்தில் அடிபட்டு இங்கேயே இறந்தார்.

தாரா சிங் கிங்காங்கைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றிய கதையை என் தாத்தா நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் யாராவது கேட்பார்கள்: "அதெல்லாம் நெசமா, பேசி வச்சுக்கிட்டா?" தாத்தாவுக்குக் கோபம் வரும். அந்த வகை மல்யுத்தத்தில் முடிவு பெரும்பாலும் முன்பே பேசப்பட்டதுதான், காட்சிக்கலைதான் அது என்று இன்று நாம் அறிவோம். தாத்தாவும் பாதி அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் அதில் ஒரு பைசா கட்டவில்லை. அதனால் அது உண்மையாக இருந்தே ஆகவேண்டும் என்ற அவசியம் அவருக்கு இல்லை. தாரா சிங் தூக்கினார், தாத்தா பார்த்தார், அவ்வளவு போதும்.

* * *

எம்எம்ஏ பிறந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உண்மையாகவே சண்டை போட்டால் யார் ஜெயிப்பார், குத்துகிறவனா பிடிக்கிறவனா? 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியையும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியையும் மோதவிட்டார்கள். பேசி வைக்காத சண்டை. விளைவு, பதினைந்து ரவுண்டும் இனோகி பெரும்பாலும் தரையில் மல்லாந்து படுத்து அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். டிரா. பார்த்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார்கள். உண்மைச் சண்டை இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

1993 நவம்பர் 12 அன்று டென்வரில் முதல் யுஎஃப்சி நடந்தது. சுமோ வீரர், குத்துச்சண்டைக்காரர், கராத்தேக்காரர் எல்லோரும் ஒரே கூண்டில். வெள்ளைச் சீருடையில் ஒல்லியாக வந்த பிரேசிலின் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பிடித்துச் சரணடைய வைத்தார். தாத்தாவின் திண்ணையில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததுபோல இருந்திருக்கும்.

சிங்கப்பூருக்கு அது முழுசாக வந்தது 2011இல். அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று, இங்கேயே தொடங்கப்பட்ட ஒன் சாம்பியன்ஷிப் தன் முதல் போட்டியை காலாங் உள்ளரங்கில் நடத்தியது. யுஎஃப்சி 2014 ஜனவரி 4 அன்று மரீனா பே சாண்ட்ஸில் வந்து இறங்கியது. கேசினோ உள்ள கட்டடத் தொகுதி. ஆனால் அந்தச் சண்டையின் மேல் சட்டப்படி ஒரு வெள்ளி கட்ட வழியில்லை.

இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டிய சங்கதி. சிங்கப்பூர் சூதாட்டத்தை ஒழிக்கப் பார்க்கவில்லை. தெருவில் ஓடியதைத் தன் வாய்க்காலில் திருப்பிவிட்டது. கள்ள லாட்டரியை முறியடிக்க 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கப்பட்டது. டோட்டோ வந்தது, சிங்கப்பூர் ஸ்வீப் வந்தது. அந்தப் பணத்தில் 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கமே எழும்பியது. 1999இல் கால்பந்துக்கும், 2008இல் எஃப்1 கார்ப் பந்தயத்துக்கும் கட்ட அனுமதி கிடைத்தது. கூண்டுச் சண்டை அந்தப் பட்டியலில் இல்லை. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஆளிடம் கட்டுகிறவருக்கும் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டில் சொந்தக்காரர், நண்பர்களுக்குள் நேருக்கு நேர் விளையாடிக்கொள்ள அனுமதி உண்டு. எங்கள் பரோட்டா பந்தயம் இந்தப் பக்கம். வாட்ஸாப் அந்தப் பக்கம்.

வாட்ஸாப் ஆள் எங்களைவிடக் கெட்டிக்காரன் என்று நாங்கள் நினைத்தோம். அவனுக்குச் சண்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. இரண்டு சம பலசாலிகள் மோதுகிறார்கள் என்று வையுங்கள். இருவருக்கும் 1.90 என்று விலை வைப்பான். ஒருவர் மேல் நூறு வெள்ளி, மற்றவர் மேல் நூறு வெள்ளி வருகிறது. கையில் இருநூறு. யார் ஜெயித்தாலும் நூற்றுத்தொண்ணூறு திருப்பித் தருவான். பத்து அவன் பையில். யார் மூக்கு உடைந்தாலும் பத்து அவன் பையில். நான் மனப்பாடம் செய்த இடதுகை, வலதுகை எல்லாம் அந்தப் பத்து வெள்ளிச் சுவரைத் தாண்டினால்தான் எனக்கு லாபம். நான் தாண்டவில்லை. என் நோட்டில் 2015 முழுக்கக் கணக்கு இருக்கிறது. பாதிக்குச் சற்று மேலேயே சரியாகக் கணித்திருக்கிறேன். ஆனாலும் நஷ்டம்.

பணத்தைவிட ஒன்று அதிகமாகப் போனது. 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்குத் தெரியும், ரசிகனுக்கு ஒரு பக்கம் உண்டு. தோற்றாலும் தன் ஆள் தன் ஆள்தான். பந்தயக்காரனுக்குப் பரம்பரை கிடையாது, விலை மட்டும்தான். போன மாதம் நான் கைதட்டியவன் இந்த மாதம் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்த ஒருவர் மூச்சுத் திணறித் தரையைத் தட்டியபோது அறையில் குதித்தது நான்தான்.

* * *

சிட்டி ஸ்குவேரிலிருந்து ஜாலான் புசார் பக்கம் திரும்பினால் கால்பந்து அரங்கம். 1929இல் திறந்தது. 1942இல் ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சலித்த இடங்களில் ஒன்று. பின்னாளில் 'கேலோங்' என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு வந்தது. கேலோங் என்றால் மலாயில் கடலில் கழி நட்டுக் கட்டும் மீன்பிடிப் பரண். மீன் உள்ளே வரும், வெளியே போகாது. இங்கே அது பேசிவைத்த ஆட்டத்துக்குப் பெயர். நம் ஆட்களும் தமிழோடு சேர்த்து "எல்லாம் கேலோங்டா" என்பார்கள்.

இந்தக் கதையின் பெரிய பெயர் ஒரு சிங்கப்பூர்த் தமிழருடையது. வில்சன் ராஜ் பெருமாள். 1980களில் இந்த அரங்கத்துப் பந்தயக்காரர்களிடம் தொழில் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2010 செப்டம்பரில் பஹ்ரைனோடு டோகோ நாட்டின் தேசிய அணி ஆடியது. பிறகுதான் தெரிந்தது, ஆடியது டோகோ அணியே இல்லை. போலி அணி. அந்த ஏற்பாட்டோடு அவர் பெயர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2011இல் பின்லாந்தில் பிடிபட்டு, ஆட்டங்களை விலைக்கு வாங்கிய குற்றத்துக்காக இரண்டு ஆண்டுத் தண்டனை பெற்றார்.

கூண்டுக்குள் இது நுழையாது என்று நம்பினேன். 2022 நவம்பர் 5 அன்று யுஎஃப்சியில் டாரிக் மின்னர் என்பவர் சண்டைக்கு வந்தார். சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு, அவர் முதல் ரவுண்டிலேயே தோற்பார் என்று திடீரெனப் பணம் குவிந்தது. அவர் ஒரு உதை விட்டார், காலைப் பிடித்தார், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே தோற்றுப்போனார். காலில் ஏற்கெனவே காயம். அதை மறைத்ததற்காக நெவாடா ஆணையம் அவருக்குத் தடை விதித்தது. பந்தய ஆலோசனை சொல்வதில் பேர்பெற்ற அவருடைய பயிற்சியாளரும் ஒதுக்கப்பட்டார். குதிரை, மல்யுத்தம், கால்பந்து, கூண்டு. உண்மையான சண்டை என்று நம்பித்தான் பணம் வருகிறது. பணம் வந்தபின் சண்டை உண்மையாக இருப்பது கஷ்டமாகிவிடுகிறது.

* * *

அண்ணன் அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் எடுத்தார். நகை இன்னும் பதினோரு மாதம் அடகில் கிடந்தது. என்னைத் திட்டவேயில்லை. சாப்பிட்டியா தம்பி என்று எப்போதும்போலக் கேட்பார், அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. நான் அந்த டிசம்பரோடு கட்டுவதை நிறுத்தினேன். சண்டை பார்ப்பதையும் ஒரு வருடம் நிறுத்தினேன்.

2017 ஜூன் 17 அன்று ஹாலி ஹோம் காலாங்குக்கே வந்தார். எதிரில் பெத்தே கொரேயா, ரௌஸியிடம் 34 விநாடியில் விழுந்தவர். டிக்கெட் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். யார் மேலும் ஒரு வெள்ளியும் கட்டவில்லை. இரண்டு ரவுண்டு ஒன்றும் நடக்கவில்லை, அரங்கமே சலித்துப்போய்க் கூச்சல் போட்டது. மூன்றாவது ரவுண்டில் கொரேயா 'வா வா' என்று கையசைத்தார். ஹோமின் அதே இடதுகால் தலைக்கு வந்தது. கொரேயா சாய்ந்தார். பக்கத்தில் இருந்த முகம் தெரியாத சீன மாமாவும் நானும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். பிறகு, விழுந்த பெண் எழுந்து உட்காரும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். யாராவது எழுகிறார்களா என்று நான் அதற்கு முன் கவனித்துப் பார்த்ததில்லை.

மின்னர் செய்தி வந்த நாளில் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் ஊரோடு போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நலம் விசாரித்துவிட்டு, பல வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு அது செட்டப் இல்லண்ணே. அந்தப் பொண்ணு உதைச்சது நெசம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம்.

"தெரியும் தம்பி" என்றார். "ஒன் மூஞ்சியப் பாக்க முடியலடா. அதான் அப்படிக் கேட்டேன்."